பரலில் என்ன இருந்தது? இரசாயன ஆபத்தை யார், யாருக்கு, எந்த மொழியில் சொல்வது

கடைசிக் கட்ட இடம்பெயர்வில் எங்கள் குடும்பத்தோடு ஒரு நீலப் பரலும் வந்தது. கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், அங்கிருந்து விசுவமடு, பிறகு சுதந்திரபுரம். உழவு இயந்திரப் பெட்டியில் அரிசி மூட்டைக்கும் பாய்க்கும் நடுவே அதற்கு எப்போதும் ஓர் இடம் இருந்தது. தண்ணீர் பிடித்து வைக்க அதைவிட நல்ல பாத்திரம் எங்களிடம் இல்லை. பரலின் பக்கத்தில் பாதி உரிந்த லேபல் ஒன்று ஒட்டியிருந்தது. ஆங்கில எழுத்துகள், ஒரு செம்மஞ்சள் சதுரம், அதற்குள் கறுப்பாய் ஏதோ ஒரு படம். வாங்கிய புதிதில் அம்மா அதைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, மூன்று நாள் வெயிலில் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம்.

பல வருடங்களுக்குப் பின்னர் தொழிற்சாலைப் பாதுகாப்பு வகுப்பொன்றில் பழைய ஐரோப்பிய ஆபத்துக் குறிகளைத் திரையில் காட்டினார்கள். சோதனைக்குழாயிலிருந்து ஒரு கையின் மீதும் ஓர் உலோகத் துண்டின் மீதும் திரவம் சொட்டும் படம் வந்தபோது எனக்கு எங்கள் பரல் ஞாபகம் வந்தது. அரிக்கும் பொருள் என்பது அதன் கருத்து. அமிலமா, எரிசோடாவா, என்ன செறிவில் இருந்தது என்பதை இனி அறிய வழியில்லை. பரல் சுதந்திரபுரத்தோடு போய்விட்டது. எங்களில் யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. அம்மா கழுவிய கழுவல் போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

இரசாயனத் தொழில்களில் 'ஆபத்தைத் தெரிவித்தல்' என்று தனியாக ஒரு வேலை உண்டு. ஒரு பொருளால் என்ன கேடு வரும், அதை எப்படிக் கையாள வேண்டும், தவறு நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை அந்தப் பொருளைத் தொடும் கடைசி ஆள் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதே அந்த வேலை. லேபல், தரவுத்தாள், பயிற்சி, அபாயச் சங்கு, வாசற் பலகை எல்லாம் அதில் அடங்கும். நான் இப்போது சம்பளம் வாங்குவது இந்த வேலைக்குத்தான். வன்னியிலிருந்து ஏராளமான பிள்ளைகள் தெற்கின் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் போகிறார்கள். பரந்தனில் மறுபடி இரசாயனத் தொழிற்சாலை அமைப்பது பற்றிய பேச்சும் அவ்வப்போது எழுகிறது. ஆகவே இதுபற்றி எங்கள் மொழியில் ஒரு இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று நினைத்தேன்.

காற்றைப் பார்

அப்பா பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1950களில் தொடங்கிய அரச தொழிற்சாலை அது. உப்பைத் தண்ணீரில் கரைத்து அந்தக் கரைசலுக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் எரிசோடா, குளோரீன், ஐதரசன் என மூன்று பொருட்கள் கிடைக்கும். உப்பு பக்கத்திலேயே ஆனையிறவில் விளைந்தது. எரிசோடா சவர்க்காரத்துக்கும் கடதாசிக்கும் போனது, குளோரீன் குடிநீரைச் சுத்திகரிக்கப் போனது. 80களில் யுத்தம் இறுகியபோது உற்பத்தி நின்றது. பிறகு அங்கு எஞ்சியது இடிந்த சுவரும் துருப்பிடித்த இரும்பும். தண்ணீரைச் சுத்திகரிக்க நாட்டுக்கு வேண்டிய குளோரீன் அதன் பிறகு வெளிநாட்டிலிருந்து கப்பலில்தான் வந்தது.

அப்பா வீட்டில் தொழில் பேசுவது குறைவு. ஒன்றை மட்டும் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். "மணம் வந்தால் கண்டபடி ஓடக்கூடாது. முதல்ல காத்து எந்தப் பக்கத்தால வருது எண்டு பார். பிறகு மேட்டுப் பக்கம் போ." அந்த வயதில் எனக்கு அது விளங்கவில்லை.

குளோரீன் வாயு காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு பாரமானது. கசிந்தால் மேலே எழாது. நிலத்தோடு தவழ்ந்து வாய்க்கால், கிடங்கு, கிணறு, பதுங்குகுழி என்று பள்ளமான இடங்களில் போய்த் தங்கும். ஒரு லீற்றர் திரவக் குளோரீன் வெளியே வந்தால் 450 லீற்றருக்கு மேல் வாயுவாக விரியும். காற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு இருக்கும்போதே பெரும்பாலானவர்களுக்கு மணம் தெரியும். பத்துப் பங்கு இருந்தால் அதை உயிருக்கு உடனடி ஆபத்தான அளவு என்று கணிக்கிறார்கள். மூக்கு முன்னமே எச்சரிக்கும் வாயு என்பதால் தப்புவதற்குச் சிறிது நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் எந்தத் திசைக்குப் போக வேண்டும் என்று தெரிந்திருந்தால்தான் அது உதவும்.

இங்கே எங்கள் மக்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. முப்பது வருடம் எங்கள் உடம்பு பழகியது ஒன்றைத்தான். சத்தம் கேட்டால் விழுந்து படு, பங்கருக்குள் இறங்கு. ஷெல்லுக்கு அது சரி. பாரமான வாயுவுக்கு அதைவிடப் பிழையான செயல் இல்லை. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கருகே ஜேர்மன் படை குளோரீனைத் திறந்துவிட்டபோது பதுங்குகுழிகளில் இருந்த படையினருக்கு நேர்ந்ததும் இதுதான். நான் வகுப்பெடுக்கும்போது நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இதை இரண்டு தடவை சொல்வேன். தலை விளங்கிக்கொண்டாலும் கால் பழைய பழக்கத்துக்கே போகும்.

காற்று வரும் திசைக்குக் குறுக்காக நடந்து வாயு மேகத்திலிருந்து வெளியேறி, பிறகு காற்று வரும் பக்கமாக மேட்டு நிலத்துக்குப் போக வேண்டும். வாயுவைச் சுவாசித்தவர் இருமல் நின்று நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் வைத்தியசாலையில் வைத்துப் பார்க்க வேண்டும். நுரையீரலில் நீர் கோர்ப்பது சில மணித்தியாலங்கள் கழித்தும் தொடங்கலாம். கசியும் குளோரீன் சிலிண்டர் மீது தண்ணீர் அடிக்கக் கூடாது. தண்ணீரோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரித்து ஓட்டையைப் பெருப்பிக்கும். தீயணைப்பவர்களே விடக்கூடிய பிழை இது.

2005 ஜனவரி 6 அதிகாலை அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் கிரானிற்வில் என்ற சிற்றூரில் இரண்டு ரயில்கள் மோதிக் குளோரீன் தாங்கியொன்று உடைந்தது. ஏறத்தாழ 60 தொன் வெளியேறியது. ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் ஆறு பேர் தண்டவாளத்தை ஒட்டியிருந்த நெசவாலையில் இரவு வேலையில் நின்ற தொழிலாளர்கள். தாங்கியில் என்ன இருந்தது என்பது ரயில் கம்பனியின் ஆவணங்களில் இருந்தது. தறிக்குப் பக்கத்தில் நின்றவர்கள் அதைச் சுவாசித்துத்தான் அறிந்தார்கள்.

போபாலுக்கு முன்னும் பின்னும்

தொழிலாளிக்கு ஆபத்தைச் சொல்வது முதலாளியின் கடமை என்ற எண்ணம் சட்டமாக வந்தது மிகப் பிந்தித்தான். அமெரிக்காவில் 1983 நவம்பரில்தான் உற்பத்தித் துறை ஆலைகளுக்கான ஆபத்துத் தெரிவிப்பு விதி வெளியானது. ஒவ்வொரு கொள்கலனிலும் லேபல், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பாதுகாப்புத் தரவுத்தாள், ஒவ்வொரு தொழிலாளிக்கும் பயிற்சி என்பது அதன் சாரம். வேலிக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றி அந்த விதி எதுவும் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்துப் போபால் நடந்தது.

1984 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு யூனியன் காபைட் பூச்சிகொல்லி ஆலையில் மெதைல் ஐசோசயனேற் சேமித்த தாங்கியொன்றுக்குள் தண்ணீர் புகுந்தது. உள்ளே வெப்பமும் அழுத்தமும் ஏறி, ஏறத்தாழ 40 தொன் வாயு ஊருக்குள் பரவியது. மத்தியப் பிரதேச அரசு உறுதிப்படுத்திய மரணங்கள் 3,787. உண்மைத் தொகை அதைவிடப் பல மடங்கு என்று பாதிக்கப்பட்டவர்களின் அமைப்புகள் இன்றும் சொல்கின்றன.

அந்த இரவில் இயங்காமற் போன இயந்திரங்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். குளிரூட்டி நிறுத்தப்பட்டிருந்தது, எரிகோபுரம் பழுதுக்காகக் கழற்றப்பட்டிருந்தது. என் வேலை காரணமாக நான் திரும்பத் திரும்பப் படிப்பது வேறு விடயங்களை. ஆலையின் வெளிப்புறச் சங்கு கொஞ்ச நேரம் ஊதி நிறுத்தப்பட்டது. அதைக் கேட்டவர்களுக்கும் அது எதற்கான சங்கு என்று தெரியாது. ஆலையில் தீ என்று நினைத்து உதவிக்கு அங்கே ஓடியவர்களும் உண்டு. வைத்தியசாலைகளில் மருத்துவர்களுக்கு வந்தது என்ன வாயு, அதற்கு என்ன சிகிச்சை என்று தெளிவாகச் சொல்ல ஆள் இல்லை. ஈரத் துணியால் முகத்தை மூடி, காற்றுக்கு எதிர்ப் பக்கம் நடந்திருந்தால் பலர் தப்பியிருப்பார்கள் என்பது பின்னர் எல்லோரும் ஒப்புக்கொண்ட உண்மை. ஈரத் துணிக்குக் காசு தேவையில்லை. ஒரு நாள் மாலையில் ஊர்க் கூட்டமொன்றில் ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடிய செய்தி அது.

ஆலைக்குள்ளும் நிலைமை அப்படித்தான். இயக்க முறைகளும் பாதுகாப்புக் குறிப்புகளும் ஆங்கிலத்தில் இருந்தன, இயக்குநர்களில் பலர் ஹிந்தி மட்டுமே அறிந்தவர்கள் என்று அக்காலச் செய்தியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த ஒரு வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தெற்கில் நான் வேலை செய்த இடம் நினைவுக்கு வரும். அதைப் பிறகு சொல்கிறேன்.

போபாலுக்குப் பின்னர், 1986இல், அமெரிக்காவில் ஊர் மக்களுக்கும் அறியும் உரிமை தரும் சட்டம் வந்தது. பக்கத்து ஆலையில் என்ன பொருள், எவ்வளவு இருக்கிறது என்று கேட்க அங்குள்ள குடிமகனுக்கு இப்போது உரிமை உண்டு. ஐரோப்பா அதற்கு முன்னரே, 1976 ஜூலையில் இத்தாலியின் செவேசோவில் டயொக்சின் பரவிய பிறகு, இந்த வழிக்கு வந்திருந்தது. சர்வதேசத் தொழில் அமைப்பு 1990இல் இரசாயனங்கள் பற்றிய 170ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமான குறியைப் பயன்படுத்தினால் ஏற்றுமதி இறக்குமதியில் குழப்பம் வரும் என்பதால் 1992 றியோ மாநாட்டில் ஒரு பொது முறை வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அதன் விளைவாக 2003இல் ஐக்கிய நாடுகள் உலகளாவிய ஒத்திசைவு முறையை வெளியிட்டது. எங்கள் பரலில் இருந்த செம்மஞ்சள் சதுரம் மறைந்து, வெள்ளையில் சிவப்புக் கரையிட்ட சாய்சதுரம் வந்தது அந்த மாற்றத்தால்தான்.

ஒன்பது குறிகள்

சிவப்புச் சாய்சதுரத்துக்குள் வரும் படங்கள் ஒன்பது. வெடிக்கும் குண்டு, தீச்சுவாலை, வட்டத்தின் மேல் சுவாலை, வாயுச் சிலிண்டர், கையையும் உலோகத்தையும் அரிக்கும் திரவம், மண்டையோடு, ஆச்சரியக்குறி, நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மனித உருவம், காய்ந்த மரமும் செத்த மீனும்.

பெரும்பாலானவை பார்த்த உடனேயே விளங்கும். மூன்று மட்டும் ஆட்களை ஏமாற்றும். வட்டத்தின் மேல் சுவாலை என்றால் பொருள் தானாக எரியும் என்று கருத்தல்ல, மற்றவை எரிவதற்குத் துணை போகும் என்று கருத்து. குளோரீன் சிலிண்டரில் இந்தக் குறி இருக்கும். அதற்குப் பக்கத்தில் எண்ணெய், கிறீஸ் பூசிய துணிகளை வைக்கக் கூடாது. ஆச்சரியக்குறியைப் பலர் 'கவனம்' என்ற பொதுச் சொல்லாக எடுத்துக்கொண்டு கடந்துவிடுகிறார்கள். தோல், கண் எரிச்சல் போன்ற குறைந்த தரத் தீங்குகள் உண்டு என்பது அதன் அர்த்தம். நெஞ்சில் நட்சத்திரம் உள்ள உருவத்தை ஒரு பையன் 'இது வீரருக்கான பதக்கமோ' என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. உண்மையில் ஒன்பதிலும் மிகவும் பயப்பட வேண்டியது அதற்குத்தான். புற்றுநோய், மலட்டுத்தன்மை, கருவுக்குக் கேடு, நுரையீரல் மெல்லக் கெடுதல் ஆகியவற்றைக் குறிப்பது அது. மண்டையோடு சில நிமிடங்களில் அல்லது சில நாட்களில் கொல்வதைச் சொல்கிறது. நட்சத்திரம் இருபது வருடம் கழித்து வருவதைச் சொல்கிறது.

மண்டையோட்டை எங்கள் பிள்ளைகளுக்கு நான் விளக்கியதே இல்லை. மீள்குடியேறிய காலத்தில் வன்னி முழுவதும் சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டு மிதிவெடி அபாயம் என்று எழுதியிருந்தது. தமிழிலும் எழுதியிருந்தது. பலகையோடு நிற்காமல் பள்ளிக்கூடத்துக்கும் கோயில் மண்டபத்துக்கும் ஆட்கள் வந்து, எந்தப் பொருளைக் கண்டால் தொடக்கூடாது, யாரிடம் சொல்ல வேண்டும் என்று படம் காட்டி, நாடகம் போட்டுச் சொன்னார்கள். ஆபத்தைத் தெரிவிப்பது எப்படி என்று ஒரு பாடம் எடுக்கச் சொன்னால் நான் அதைத்தான் உதாரணம் காட்டுவேன். நிலத்துக்குள் கிடந்த ஆபத்தை ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதன் மொழியில் சொல்ல முடிந்தது. பரலுக்குள் கிடக்கும் ஆபத்தை வளர்ந்த தொழிலாளிக்குச் சொல்வது அதைவிடக் கடினமான காரியமல்ல.

லேபலில் இடம் குறைவு. முழு விபரமும் பாதுகாப்புத் தரவுத்தாளில் இருக்கும். உலகம் முழுவதும் ஒரே ஒழுங்கில் 16 பகுதிகள். எல்லாவற்றையும் வாசிக்கத் தேவையில்லை. 2ஆம் பகுதி ஆபத்து, 4ஆம் பகுதி முதலுதவி, 6ஆம் பகுதி சிந்தினால் என்ன செய்வது, 8ஆம் பகுதி கையுறை, முகமூடி போன்ற பாதுகாப்பு, 10ஆம் பகுதி எதோடு சேரக்கூடாது. வேலைக்குச் சேரும் பிள்ளை இந்த ஐந்தையும் கேட்டு வாங்கினால் போதும். 8ஆம் பகுதியில் 'பொருத்தமான கையுறை' என்று மட்டும் எழுதி, எந்தப் பொருளால் செய்த கையுறை என்று சொல்லாத தாள் உதவாத தாள். அப்படிப்பட்டவை நிறைய வருகின்றன.

"எனக்கு அதை ஆர் வாசிச்சுக் காட்டினது?"

முகாமிலிருந்து வெளியே வந்து இரண்டு வருடங்களில், தெற்கில் துப்புரவுத் திரவங்கள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. பெயர் வேண்டாம். மோசமான இடம் என்றும் சொல்ல மாட்டேன். சம்பளம் நேரத்துக்கு வரும். சுப்பர்வைசர் நல்ல மனிதர். சுவரில் பாதுகாப்பு அறிவித்தல்கள் அழகாக ஒட்டியிருக்கும், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். எங்கள் பகுதியில் வேலை செய்த இருபது பேரில் எட்டுப் பேர் வடக்குக் கிழக்கைச் சேர்ந்தவர்கள். சிங்களம் பேச ஓரளவு பழகியிருந்தோம். வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர்.

முல்லைத்தீவிலிருந்து வந்த ஒரு தங்கச்சி, சேர்ந்து மூன்றாவது கிழமை. அங்கே மலசலகூடம் கழுவும் அமிலத் திரவமும் வெளிற்றும் திரவமும் தயாரிப்பார்கள். ஒன்றில் ஐதரோகுளோரிக் அமிலம், மற்றதில் சோடியம் ஐப்போகுளோரைற்று. மாலையில் நிலம் கழுவும்போது, அடியில் அமிலம் மிஞ்சியிருந்த வாளிக்குள் அவள் வெளிற்றும் திரவத்தை ஊற்றினாள். இரண்டும் சேர்ந்தால் குளோரீன் வரும். அப்பாவின் தொழிற்சாலையில் மின்சாரம் செலுத்தி எடுத்ததை ஒரு வாளி இலவசமாகத் தந்தது. எனக்கு முதலில் வந்தது மணம். பிறகு காற்றைப் பார்த்தேன். கதவு திறந்திருந்த பக்கமாக அவளையும் மற்றப் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தோம். இருவரும் நான்கு நாள் வைத்தியசாலையில் இருந்தார்கள். மற்றவள் தேறிவிட்டாள். இவளுக்கு மழைக்காலம் வந்தால் இன்றும் மூச்சு இழுக்கும்.

விசாரணை அறிக்கையில் 'தொழிலாளி அறிவுறுத்தலைப் பின்பற்றவில்லை' என்று எழுதினார்கள். அதைத் தமிழில் அவளுக்குச் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள். கட்டிலில் இருந்தபடி கேட்டாள். "அண்ணா, லேபலில எழுதியிருந்தது எண்டு சொல்லுகினம். சரி, எழுதியிருக்கும். எனக்கு அதை ஆர் வாசிச்சுக் காட்டினது?"

நான் பாதுகாப்புப் பக்கம் படிக்கப் போனது அதற்குப் பிறகுதான்.

அந்த ஒரு வரி அறிக்கைக்குப் பெறுமதி உண்டு. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வெளிப்படையாகக் கொடுத்த பாதுகாப்புக் கட்டளையை வேண்டுமென்றே மீறினார் என்று தொழில்தருநர் வாதாட இடமுண்டு. வாசிக்க முடியாத மொழியில் இருந்த கட்டளை 'கொடுத்த' கட்டளைதானா என்று கேட்பதற்கு அந்த வயதில் எங்களுக்குத் தெரியாது. இப்போது பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: பயிற்சி முடிந்தது என்று கையெழுத்துக் கேட்டால், எந்த மொழியில் நடந்தது என்பதைக் கையெழுத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள். விளங்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். தொழிற்சாலைப் பாதுகாப்புக்கு இலங்கையில் அடிப்படையாக இருப்பது வெள்ளைக்காரர் காலத்து 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். அதற்குப் பின்னர் 1987இல் தமிழும் அரசகரும மொழியானது. தொழில் திணைக்களத்தின் மாவட்டக் காரியாலயத்துக்குத் தமிழில் முறைப்பாடு எழுதலாம், தமிழில் பதில் கேட்கலாம்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். விபத்துகள் பெரும்பாலும் பெரிய பரலில் நடப்பதில்லை. பெரிய பரலில் லேபல் இருக்கும். அதிலிருந்து சிறிதாக ஊற்றி எடுத்த வாளியிலும் கானிலும் சோடாப் போத்தலிலும் ஒன்றும் இருக்காது. ஊரிலும் இதே கதை. களைநாசினி வாங்கும் போத்தலில் மூன்று மொழியும் எச்சரிக்கையும் இருக்கும். பக்கத்துக் காணிக்காரர் பாதியைக் கேட்டால் அது தோடம்பழச் சோடாப் போத்தலில் போகும். ஒரு துண்டு ஒட்டுநாடா, ஒரு பேனை, பொருளின் பெயர், 'நஞ்சு' என்ற ஒரு சொல், திகதி. ஊற்றுவதற்கு முன்னர் எழுத வேண்டும். ஊற்றிவிட்டு எழுதுவோம் என்றால் எழுத மாட்டோம். இரசாயனம் வந்த பரலில் குடிநீர் வைக்கவே கூடாது. பிளாஸ்ரிக் சிலவற்றை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல விடும். கழுவினால் போகாது.

வேலிக்கு வெளியே

சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மிதந்ததை யாழ்ப்பாணத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மக்களுக்கு அதை முதலில் சொன்னது எந்த நிறுவனமும் இல்லை. வாளியில் வந்த மணம் சொன்னது. பிறகு குடிக்கலாம் என்று ஒரு பக்கமும் குடிக்கக் கூடாது என்று இன்னொரு பக்கமும் அறிவித்தல்கள் வந்தன. நான் அறிந்த ஒரு குடும்பம் குளிக்க ஒரு கிணறு, குடிக்க ஒரு பவுசர் என்று வருடக்கணக்கில் வாழ்ந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனத்தின் மீது பொறுப்பைச் சுமத்தி, பாதிக்கப்பட்ட கிணற்றுச் சொந்தக்காரர்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலும் இதே வகைதான். 1,486 கொள்கலன்களில் ஒன்றிலிருந்து நைத்திரிக் அமிலம் கசிகிறது என்பது கப்பலில் இருந்தவர்களுக்கு முன்னரே தெரியும். கட்டாரிலும் இந்தியாவிலும் துறைமுகங்கள் அதை இறக்க மறுத்தன. மே 20 அன்று புகை கிளம்பியது, ஜூன் 2 அன்று கப்பல் அமிழத் தொடங்கியது. கரைவலைக்காரருக்கு அந்தக் கப்பலில் என்ன இருந்தது என்று தெரிந்தது பிளாஸ்ரிக் மணிகள் கரையில் குவிந்த பிறகு.

விசாகப்பட்டினத்தில் 2020 மே 7 அதிகாலை எல்ஜி பொலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்ரைரீன் ஆவி பரவிப் பன்னிரண்டு பேர் இறந்தபோது, ஆலையில் அபாயச் சங்கு இருந்தும் ஊதப்படவில்லை என்று ஆந்திர அரசு நியமித்த உயர்மட்டக் குழு எழுதியது. போபாலுக்கு 36 வருடம் கழித்து. அந்த ஓகஸ்ட் மாதத்தில் பெய்ரூத் துறைமுகத்தில் தீயணைக்கப் போன பத்துப் பேருக்கு, களஞ்சியத்தில் 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று இருப்பதை யாரும் சொல்லி அனுப்பவில்லை. துறைமுகத்தின் கடிதக் கோவைகளில் அது வருடக்கணக்காக இருந்தது. பத்துப் பேரும் திரும்பி வரவில்லை.

வேலிக்கு உள்ளே ஒரு முறைமை ஓரளவு வளர்ந்துவிட்டது. வேலிக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவிப்பது இன்னும் உரிமையாளரின் மனதைப் பொறுத்தே நடக்கிறது. ஊரைப் பயமுறுத்தக் கூடாது, போட்டிக் கம்பனிக்கு இரகசியம் போகக் கூடாது என்று காரணம் சொல்வார்கள். செய்முறை இரகசியமாக இருக்கலாம். பொருளின் பெயரும் அளவும் இரகசியமாக இருக்க எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. யுத்த காலத்தில் எங்களுக்கு விபரம் தராமல் இருந்தவர்கள் எத்தனையோ தரப்பு. எல்லோரும் எங்கள் நன்மைக்கே என்றுதான் சொன்னார்கள்.

அண்மையில் பரந்தன் பக்கம் போனேன். சந்தியில் நின்ற ஒரு ஐயா, அப்பாவோடு வேலை செய்தவர், தொழிற்சாலை திரும்பி வந்தால் பேரனுக்கு வேலை கிடைக்கும் என்று சொன்னார். வரட்டும் என்றுதான் நானும் சொன்னேன். வேலை வேண்டும். குளோரீனை நாடே கப்பலில் எதிர்பார்த்துக்கொண்டிருப்பதும் நல்லதல்ல. பேரனைச் சேர்க்கிற அன்றைக்கு ஐயா கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

ஒரே நேரத்தில் எத்தனை தொன் குளோரீன் வைத்திருப்பீர்கள்? கசிந்தால் எவ்வளவு தூரம் போகும் என்று கணக்குப் பார்த்திருக்கிறீர்களா, பள்ளிக்கூடம் அந்த வட்டத்துக்குள் வருகிறதா? சங்கு எப்படி ஊதும், வருடத்தில் எத்தனை தடவை ஊதிக் காட்டுவீர்கள்? வாடைக்காற்றுக் காலத்தில் எந்த வீதியால் வெளியேறுவது, சோளகக் காலத்தில் எந்த வீதியால்? கிளிநொச்சி வைத்தியசாலையிடம் தரவுத்தாளைக் கொடுத்துவிட்டீர்களா? கதவில், சிலிண்டரில், வாளியில் தமிழ் இருக்கிறதா?

ஐயா தாளை இரண்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு திரும்ப எடுத்து, "அந்தக் காத்துக் கேள்வி, அது உன்ர கொப்பர் கேக்கிற கேள்வி" என்றார்.